விரைவிற்கேற்ற சக்கரம்

பங்குனித் திங்களில் மயிலாப்பூரில் நடைபெறும் கபாலீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவைக் கண்டிருக்கிறீர்களா? பெருந்தேர் மாட வீதிகளில் அசைந்து அசைந்து வரும்போது, கூடியிருப்போர் கண்களெல்லாம் தேரின் மேலேயே இருக்கும். ஆனால் ஒரு சிலர் மட்டும் மேலே நோக்கார். அவர்கள் தலையைக் குனிந்து, சக்கரத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு, அதனை ஒட்டியே நடப்பர். அவர்கள் கையில் கனத்த மரக்கட்டைகள் இருக்கும். தேர் திரும்ப வேண்டிய முனையிலும், நிற்க வேண்டிய இடத்திலும் அக்கட்டையைச் சக்கரத்தின் கீழே செருகுவர். முட்டுக்கட்டை என்பது அதன் பெயர். மலை போன்ற தேரை ஒரு மரத்துண்டு நிறுத்திவிடுகிறது. எவ்வாறு? தேர், மனிதன் நடக்கும் விரைவிற்கு மேல் ஓடுவதில்லை. சுமை மிகப் பெரிது. விரைவோ மிகச் சிறிது. அச்சுமைக்கும் அவ்விரைவிற்கும் ஏற்றவாறே அதன் சக்கரங்கள் அமைந்திருக்கின்றன.

இதனை எனக்கு மறுபடியும் நினைவூட்டியவன் என் தமக்கையின் மகன். மந்தைவெளியில் வாழும் அவன் பொறியியல் பயிலும் மாணவன். தன் சைக்கிளை மின்சார வண்டியாக மாற்ற விரும்பி, பின்சக்கரத்தின் குடத்தினுள்ளேயே அடங்கிய 3000 வாட் மோட்டார் ஒன்றை வாங்கியிருந்தான். அது 26 அங்குலச் சைக்கிள் ரிம்மில் கம்பிகள் பூட்டப்பெற்று, ஆயத்தமாகவே வந்திருந்தது. “மாமா, பின்கவையில் சரியாகப் பொருந்திவிட்டது. இனி ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான்!” என்று மகிழ்ச்சியோடு சொன்னான்.

கவையில் பொருந்துதல் வேறு. வேலைக்குப் பொருந்துதல் வேறு. நல்ல உடல்நலம் உள்ள ஒருவர் களைப்பின்றி நெடுநேரம் மிதித்தால் அவர் தரும் ஆற்றல் 75 முதல் 100 வாட் வரை இருக்கும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆகவே 3000 வாட் மோட்டார் என்பது நான்கு குதிரைகளுக்கு ஒப்பாகும். ஒரு மனிதன் மிதிப்பதற்கென்று செய்த சக்கரத்தில் அவன் நான்கு குதிரைகளைப் பூட்டியிருந்தான்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மேடு ஏறும்போது நாம் எழுந்து நின்று மிதிக்கிறோம் அல்லவா? அப்போது பின்சக்கரத்திற்குச் செல்லும் முறுக்குவிசை நாற்பது ஐம்பது நியூட்டன் மீட்டர் வரை எழும். அதுவும் சிறியதன்று. ஆனால் அது நொடிப்பொழுதே நிற்கும். மிதிகட்டை கீழே சென்றதும் தணிந்துவிடும். மோட்டாருக்கோ களைப்பில்லை. இத்தகைய பெரிய மோட்டார்களின் முறுக்குவிசை நூறு நியூட்டன் மீட்டரையும் தாண்டக்கூடும். கைப்பிடியைத் திருகும் ஒவ்வொரு முறையும் அவ்விசை சக்கரத்தின் மேல் பாயும்.

விசையைக் காட்டிலும் அஞ்சத்தக்கது விரைவு. நாம் வழக்கமாகச் சைக்கிளில் செல்வது மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ. இவ்வண்டி 60 கி.மீ. விரைவில் ஓடும் என்று அவன் கணக்கிட்டிருந்தான். விரைவு நான்கு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. 15 கி.மீ. விரைவில் ஒரு சுவரில் மோதுதல், ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரத்திலிருந்து கீழே விழுவதற்கு ஒப்பு. 60 கி.மீ. விரைவில் மோதுதலோ 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பு. திண்ணையிலிருந்து விழுவதற்கும் நான்காம் மாடியிலிருந்து விழுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இக்கணக்கை அவனையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டுப் பார்த்தான்; சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு இருவரும் அச்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, மாட வீதியை அடுத்த ஒரு சந்தில் சைக்கிள் பழுதுபார்க்கும் பெரியவரிடம் சென்றோம். கோட்டம் எடுப்பதில், அதாவது வளைந்து ஓடும் சக்கரத்தை நேராக்குவதில், அவர் கை தேர்ந்தவர். அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, கேட்டார். ஆம், கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டி, அவை எழுப்பும் ஒலியைக் காது கொடுத்துக் கேட்டார். மார்கழியில் சபைகள்தோறும் தம்புராவுக்குச் சுருதி கூட்டும் ஊர் அல்லவா மயிலை! “தம்பி, நாலு கம்பி ஒரு சுருதியில பேசுது; அஞ்சாவது கம்பி பேசவே இல்ல. இதை யார் பூட்டினது?” என்று கேட்டார்.

கம்பி ஏன் பேச வேண்டும்? மாட்டு வண்டிச் சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். குடம் நடுவில், சுற்றிலும் வட்டை, இரண்டிற்கும் இடையே தடித்த மர ஆரக்கால்கள். பாரம் குடத்திலிருந்து கீழ் ஆரக்காலின் வழியே நிலத்தில் இறங்குகிறது. அந்த ஆரக்கால் தூண் போல நின்று தாங்குகிறது. சைக்கிள் கம்பியோ தூண் ஆகாது. ஒரு கம்பியை நிமிர்த்து வைத்துக் கையால் அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால் இழுத்தால் அறாது. இவ்வியல்பைப் பயன்படுத்திக் கம்பிகள் இழுவையில் நிற்கும் சக்கரத்தை 1808-ஆம் ஆண்டில் எண்ணியவர் ஆங்கிலேய அறிஞர் சர் ஜார்ஜ் கேலி. கம்பிகளைக் குடத்திலிருந்து நேராக விரிக்காமல், தொடுகோடு போலச் சாய்த்து ஒன்றையொன்று குறுக்கிடுமாறு பூட்டினால், அவை முறுக்குவிசையையும் தாங்கும் என்பதை 1874-இல் செயலில் காட்டியவர் ஜேம்ஸ் ஸ்டார்லி. நம் சைக்கிள் சக்கரங்கள் இன்றும் அம்முறையிலேயே பூட்டப்படுகின்றன.

நன்கு பூட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் நூறு கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற இழுப்பில் இருக்கும். நாம் ஏறி அமர்ந்ததும் நிலத்தை ஒட்டியுள்ள ஓரிரு கம்பிகளில் அவ்விழுப்புச் சற்றுக் குறைகிறது. சக்கரம் சுழலச் சுழல ஒவ்வொரு கம்பியும் முறையாகத் தளர்ந்து மீண்டும் இறுகும். தொடக்கத்திலேயே தளர்ந்திருக்கும் கம்பி, ஒவ்வொரு சுற்றிலும் முற்றும் தொய்ந்து, பின் வெடுக்கென்று இழுபடும். ஒரு கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதுவே அங்கும் ஆகிறது. ஒரு கம்பி அறுந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளின் மேல் விழும். பின்னர் அவையும் அறும்.

“கம்பி தடிப்பாகத்தானே இருக்கிறது, ஐயா! சைக்கிள் கம்பி 14 கேஜ், இது 12 கேஜ்” என்றான் என் மருமகன். 14 கேஜ் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். 12 கேஜ் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 2.6 மில்லிமீட்டர். தடித்தது வலியது என்று எல்லோரும் எண்ணுவோம். பெரியவர் சிரித்தார். “ரிம்மு மெல்லிசா இருக்கறப்போ கம்பி மட்டும் தடிச்சு என்ன தம்பி பண்ண?” என்றார்.

அவர் கூறியதன் காரணம் அறியத்தக்கது. இழுத்துப் பூட்டிய கம்பி சிறிதளவு நீண்டிருக்கும். அந்நீட்சியே அதன் சேமிப்பு. பள்ளத்தில் விழுந்து ரிம் சற்று உள்வாங்கினாலும், மெல்லிய கம்பியில் அச்சேமிப்பினால் இறுக்கம் எஞ்சி நிற்கும். தடித்த கம்பியோ அதே இழுப்பிற்கு மிகக் குறைவாகவே நீளும். ஆதலின் விரைவில் தொய்ந்துவிடும். அதனைச் சரிசெய்ய இன்னும் வலிந்து முறுக்கினால், சைக்கிளின் மெல்லிய ரிம்மில் துளைகளைச் சுற்றி வெடிப்புக் காணும். தடித்த கம்பிக்குத் தடித்த ரிம்மே துணையாக வேண்டும்.

அச்சக்கரத்தில் மற்றொரு குறையும் இருந்தது. மோட்டார் அடங்கிய குடம் மிகப் பெரிது. ஆகவே கம்பிகள் குட்டையானவை. குட்டைக் கம்பிகளைச் சாதாரணச் சைக்கிளில் போல மூன்று முறை குறுக்கிட்டுப் பூட்டியிருந்தனர். அதனால் கம்பி ரிம்மை அடையும் இடத்தில் பெரிதும் சாய்ந்து, நிப்பிளின் வாயிலேயே மடிந்து நின்றது. மடிந்த இடமே முதலில் அறும் இடம். “பெரிய குடத்துக்கு ஒரு குறுக்கு போதும்” என்று பெரியவர் தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினார். குறுக்கே இடாமல் நேராக விரித்துப் பூட்டுவதும் தவறு. முறுக்குவிசையை அது நன்கு தாங்காது.

ஆகவே வேண்டியது மொபெட்டு அல்லது மோட்டார் சைக்கிளின் எஃகு ரிம். அதன் தகடு தடிப்பானது, உள்வடிவம் ஆழமானது, விரைவிற்கும் குழிகளுக்கும் எனவே செய்யப்பட்டது. நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களின் கம்பிச் சக்கரங்களில் 36 கம்பிகள் இருப்பது வழக்கம். மோட்டாரின் குடத்திலும் 36 துளைகளே இருந்தமையால் அவ்வகையில் இடர் இல்லை. (பழைய பெரிய சைக்கிள்களில் முன்சக்கரத்திற்கு 32 கம்பிகள், பின்சக்கரத்திற்கு 40 கம்பிகள். ஆளின் எடையும் மிதியின் விசையும் பின்னால் மிகுதி என்பதை அக்காலத்தவரே உணர்ந்திருந்தனர்.)

அளவைக் குறிப்பதில் பலர் ஏமாறும் ஓரிடம் உண்டு. சைக்கிளில் 26 அங்குலம் என்றால் அது டயரின் வெளி விட்டத்தைச் சுட்டும். மோட்டார் சைக்கிளில் 17 அங்குலம் என்றால் அது டயர் அமரும் ரிம்மின் விட்டம். 2.75-17 என்னும் டயரின் வெளி விட்டத்தைக் காண 17 உடன் 2.75-ஐ இருமுறை கூட்டுக. 22½ அங்குலம் வரும். 26-க்கும் 22½-க்கும் உள்ள வேறுபாடு 3½ அங்குலம். ஆகவே வண்டி 1¾ அங்குலம் தாழும். மிதிகட்டையும் அவ்வளவு தாழும். வளைவில் சாயும்போது அது தரையில் இடிக்கும். அடையாற்றுப் பாலத்தை அடுத்த திருப்பத்தில் இடித்தால் ஓட்டுநர் எங்கே விழுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலும், 2.75 அங்குல அகலமுள்ள டயருக்குக் கவையில் இடமுண்டா என்பதையும் முன்னதாகவே அளந்து பார்க்க வேண்டும்.

சிறிய சக்கரம் பெரியதைக் காட்டிலும் பக்கவாட்டில் உறுதியானது. ஆனால் குழியில் இறங்கி ஏறுவதில் பெரிய சக்கரமே நயமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தியாகராய நகரின் உட்தெருக்களில் நீர் தேங்கி நிற்கும்போது, கீழே குழி இருப்பது கண்ணுக்குத் தெரியாது. குடத்தினுள் பத்துக் கிலோ அளவு கனமுள்ள மோட்டார் இருப்பதால், சக்கரம் குழியின் விளிம்பில் மோதும்போது அக்கனமும் சேர்ந்து ரிம்மைத் தாக்கும். அதனைத் தணிப்பது டயரின் பருமனும் அதிலுள்ள காற்றுமே ஆகும்.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறீர்களா? 2.75-17 என்பதை அடுத்து 41P என்று காணலாம். 41 என்பது அது தாங்கும் சுமையின் குறியீடு. 145 கிலோ என்பது பொருள். P என்பது விரைவின் குறியீடு. மணிக்கு 150 கி.மீ. வரை. B என்றால் 50 கி.மீ., J என்றால் 100 கி.மீ. சாதாரணச் சைக்கிள் டயரில் இவ்வெழுத்துகள் இரா. காற்றழுத்தத்தின் அளவு மட்டுமே இருக்கும். நான்கு எண்கள் கொண்ட மற்றொரு குறியும் உண்டு. 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று அறிக. ரப்பர் பயன்படாமல் கிடந்தாலும் மூப்படையும். காற்றுக் குறைந்த டயர், மோட்டாரின் விசையால் ரிம்மின் மேல் மெல்ல நழுவுவதும் உண்டு. அப்போது உள்ளிருக்கும் டியூபும் உடன் இழுபட்டு, வால்வு அடியோடு கிழியும். ஓடுகின்ற வண்டியில் காற்று ஒரு நொடியில் போய்விடும். ஆகவே வால்வு சாய்ந்து நிற்கக் கண்டால் வண்டியை எடுத்தல் கூடாது.

அச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடம் ஒரு பக்கம் சுழலும்போது, அச்சு மறுபக்கம் திரும்ப முயலும். அதனைத் தடுத்து நிறுத்துவன, அச்சின் இருபுறமும் தட்டையாகச் சீவிய பகுதியும், அது அமரும் கவையின் பிளவும் மட்டுமே. அத்தட்டையின் அகலம் 10 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு அங்கே எழும் விசை 10,000 நியூட்டன். அஃதாவது ஏறத்தாழ ஒரு டன் எடை, விரல் நகத்தளவு இடத்தில்! அலுமினியக் கவையானால் பிளந்துவிடும். அச்சு புரண்டால் மோட்டாருக்குச் செல்லும் மின்கம்பிகள் முறுக்குண்டு அறும். சக்கரமும் கழன்று வரும். ஆகவே தடித்த எஃகுத் தகட்டில் அச்சின் வடிவிற்கேற்பத் துளை வெட்டி, அதன் நீண்ட கரத்தைச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். சைக்கிளின் சட்டமே இத்தகைய விரைவிற்கெனச் செய்யப்பட்டதன்று என்பதையும் பெரியவர் மறைக்கவில்லை.

இனி நிறுத்துதல். சைக்கிளின் பிரேக்குக் கட்டைகள் ரிம்மைப் பற்றி நிறுத்துகின்றன. மழையில் நனைந்த பளபளப்பான எஃகு ரிம்மில் அவற்றின் பிடி பெரிதும் குன்றும் என்பதை, நனைந்துகொண்டே பள்ளி சென்ற எவரும் அறிவர். 60 கி.மீ. விரைவிற்கு அது முட்டுக்கட்டை ஆகாது. மேலும் வண்டியை நிறுத்தும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், பெரும்பகுதி வேலையைச் செய்வது முன்சக்கரமே. எனவே, பின்சக்கரத்தில் மட்டும் கருத்தைச் செலுத்திய என் மருமகனிடம், முன்சக்கரத்திற்கு மொபெட்டின் கவை, சக்கரம், டிரம் பிரேக்கு ஆகியவற்றை ஒரே தொகுதியாக வாங்கிப் பூட்டுமாறு பெரியவர் கூறினார். ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்தவற்றைப் பிரிக்காமல் வைப்பதே நன்று.

அத்தொகுதியைத் தேடி எழும்பூரை அடுத்த புதுப்பேட்டைக்குச் சென்றோம். பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்புகளை விற்கும் கடைகள் அங்கே நெருங்கியிருக்கின்றன. விலை மலிவு, கண்ணும் கூர்மையாக இருக்க வேண்டும். சக்கரத்தை அச்சில் ஏற்றி, சாக்கட்டியை ரிம்மின் அருகே அசையாமல் பிடித்துச் சுழற்றினால், மேடான இடங்களில் மட்டும் கோடு விழும். வார்ப்பு அலாய்ச் சக்கரங்களுக்குக் கோட்டம் எடுக்க வேண்டுவதில்லை என்பது உண்மையே. ஆனால் வளைந்ததைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தியதும், வெடிப்பை ஒட்டவைத்ததும் அவற்றுள் கலந்திருக்கும். பழைய சக்கரத்தில் புதிய வண்ணப்பூச்சைக் கண்டால் நான் அதனை விலைக்குக் கேட்கவும் மாட்டேன். தொழிற்சாலையில் புதிதாய்ச் செய்யும் வார்ப்புச் சக்கரங்களை இடித்தும், வளைத்தும், முறுக்கியும், சுமையோடு நெடுந்தொலைவு சுழற்றியும் சோதிக்கின்றனர். வீட்டில் செய்யும் வண்டிக்கு அத்தகைய சோதனைக்கூடம் ஏது?

இதே நகரில், அடையாற்றை அடுத்த சர்தார் படேல் சாலையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்னும் இருவர் 2013-இல் ஏத்தர் எனர்ஜி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018-இல்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் வடிவமைத்தலிலும் சோதித்தலிலும் கழிந்தன. அவ்வண்டியில் மோட்டார் சக்கரத்தினுள் இல்லை. ஒரு பட்டையின் வழியே பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆகவே சக்கரத்தின் கனம் குறைகிறது. சக்கரங்கள் 12 அங்குல அலாய்ச் சக்கரங்கள். முன்டயர் 90/90-12, அதாவது 90 மில்லிமீட்டர் அகலம், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உயரம். இரு சக்கரங்களிலும் வட்டுப் பிரேக்கு. என் மருமகன் அவ்வண்டி ஒன்றின் அருகே நெடுநேரம் குந்தியிருந்து சக்கரத்தைப் பார்த்தான். வண்டிக்கு உரியவர் வந்து ஐயத்தோடு நோக்கியபின்தான் எழுந்தான்.

சட்டத்தையும் அவனுக்கு எடுத்துக் கூறினேன். 250 வாட்டிற்குக் குறைந்த ஆற்றலும், மணிக்கு 25 கி.மீ.-க்குக் குறைந்த விரைவும் உடைய மின்சார வண்டியே, வேறு சில கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டு, மோட்டார் வாகனம் ஆகாது என விலக்குப் பெறுகிறது. அதற்கு மேற்பட்டது மோட்டார் வாகனமே. உரிய சோதனை, பதிவு, காப்பீடு, உரிமம் ஆகியவை இன்றி அதனைத் தெருவில் ஓட்டலாகாது. அவன் முகம் வாடியது. எனினும் வண்டியைக் கல்லூரிச் செயல்திட்டமாக முடித்து, மதில் சூழ்ந்த இடத்தில் மட்டும் ஓட்டுவதென உடன்பட்டான்.

17 அங்குல ரிம்மில், அதற்கும் குடத்தின் துளைக்கும் ஏற்ற கம்பிகளை ஒரே குறுக்காகப் பூட்டிப் பெரியவர் கோட்டம் எடுத்தார். ஒரு பகல் முழுதும் ஆயிற்று. கொட்டிவாக்கத்திற்கு அப்பால் உறவினர் ஒருவரின் தோப்பில், தலைக்கவசம் அணிந்து, மெல்ல மெல்லச் சுற்றிச் சுற்றி 50 கி.மீ. ஓட்டினான். புதிதாகப் பூட்டிய கம்பிகள் முதல் ஓட்டத்தில் தத்தம் இடத்தில் அமர்ந்து சற்றே தளரும். ஆகவே சக்கரத்தைக் கழற்றி மீண்டும் அதே சந்திற்குக் கொண்டு சென்றோம். இம்முறை பெரியவர் கம்பிகளைத் தொடவில்லை. என் மருமகனையே மீட்டிப் பார்க்கச் சொன்னார். அவன் காதைச் சாய்த்து ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டே வந்து, பதினொன்றாம் கம்பியில் நின்றான். “இது இறங்கியிருக்கிறது, ஐயா” என்றான். பெரியவர் நிப்பிள் சாவியை அவன் கையில் கொடுத்தார்.